குவா என்கிற எழுத்தும் அடுத்த கப்பலும்

1

பினாங்கில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய பிறகு, போன மாதம்தான் ஒரு சீன எழுத்து கற்றுக்கொண்டேன். ஒன்றே ஒன்று. "குவா" என்று சொல்லவேண்டும். பூசணி, பரங்கி, பாகல், பீர்க்கு, வெள்ளரி, தர்பூஸ் என்று கொடியில் காய்த்துக் கிடக்கிற வகையறா அத்தனைக்கும் அந்த ஓர் எழுத்துதான். அதற்கு முன்னால் வேறொரு எழுத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். கசப்புக் குவா என்றால் பாகற்காய். தங்கக் குவா என்றால் பரங்கிக்காய். குளிர்காலக் குவா என்றால் நம்முடைய வெள்ளைப் பூசணி. நாம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்தோம். சீனர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வீட்டுப் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்.

கற்றுக்கொடுத்தவள் பீ லான். எங்கள் தெருக்கோடியில் காய்கறிக் கடை போட்டிருக்கிற சீனத்தியின் மகள். சீனப் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பு படிக்கிறாள். சாயங்காலம் அம்மாவுக்குத் துணையாகக் கடையில் உட்காருவாள். சீன தேசத்தில் யுத்தம் ஆரம்பித்ததிலிருந்து, கடையில் யுத்த நிதிக்கு ஒரு தகர உண்டியலும் வைத்திருக்கிறாள். அம்மாவை எல்லோரும் "ஆ சோ" என்று கூப்பிடுகிறார்கள். அண்ணன் பெண்டாட்டி, அதாவது மன்னி என்று அர்த்தமாம். எங்களுக்குள் பேச்செல்லாம் அரைகுறை மலாய்தான்.

பூசணியின் மேல் வெள்ளையாகச் சாம்பல் பூத்திருக்கும் அல்லவா? பீ லான் அதன் மேல் விரலால் எழுதிக் காட்டினாள். விரல் போன இடமெல்லாம் பச்சையாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் கொடி, நடுவில் தொங்குகிற காய். பார்த்தவுடனே புரிந்துவிட்டது. ஆனால் நான் எழுதினால் எல்லாம் சுழித்துக்கொண்டு வந்தது.

"ஏன் எல்லாத்தையும் வளைக்கறீங்க?" என்று சிரித்தாள்.

"எங்க எழுத்து அப்படி. வளைஞ்சாத்தான் எழுத்து" என்றேன்.

ஒரு பூசணி முழுக்க எழுதித் தீர்த்துவிட்டு, அதையே விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். அகத்துக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணாவுக்கு நாலு வரி பதில் எழுத நேரமில்லை, சீனா பாஷை எழுத நேரமிருக்கா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சுருக்கென்று தைத்தது.

அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு கடிதம் கிடந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து அவருடைய அண்ணா எழுதியது. அண்ணாவுக்கும் மன்னிக்கும் குழந்தை இல்லை. எங்கள் இரண்டாவது பிள்ளை பத்ரி, கைக்குழந்தையிலிருந்து அவர்களிடம்தான் வளர்கிறான். "பத்ரியை எங்களுக்கு ஸ்வீகாரம் கொடுத்துவிடுங்கள். தை மாதம் நல்ல நாள் பார்த்திருக்கிறது. பெற்றவர்கள் நேரில் வந்து கையால் கொடுத்தால்தான் சாஸ்திரப்படி செல்லும். உங்கள் இருவருடைய மனசையும் தெரிவிக்கவும்." கடிதத்தில் இருந்தது அவ்வளவுதான். என் மனசைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. நான் குவா எழுதிக்கொண்டிருந்தேன்.

2

பத்ரியை நாங்கள் விட்டுவிட்டு வரவில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்! சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வருகிறது.

கப்பலேறுவதற்கு முதல் வாரம், ஸ்ரீரங்கத்து அகத்தில் எங்களுக்காகப் பூசணிக்காய் மோர்க்குழம்பு வைப்பதாக இருந்தது. ஒரு விஷயம் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் முழுப் பூசணியைப் பொம்மனாட்டிகள் வெட்டமாட்டார்கள். பூசணி பிள்ளைக்குச் சமானம் என்பார்கள். வீட்டு ஆம்பிளை ஒருத்தர் முதல் வெட்டுப் போட்டுக் கொடுத்தால், அப்புறம் நாம் எப்படி வேண்டுமானாலும் நறுக்கிக்கொள்ளலாம். அன்றைக்கு ஆம்பிளைகள் இருவரும் திருச்சிக் கோட்டைக்குச் சாமான் வாங்கப் போய்விட்டார்கள். மூத்தவன் சம்பத்தையும் கூட அழைத்துக்கொண்டு போயிருந்தார்கள். பூசணி நடு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெருமாளுக்கு அமுது செய்விக்க நேரமாகிவிட்டது.

மன்னி என்ன செய்தாள் தெரியுமா? என் மடியிலிருந்த பத்ரியைத் தூக்கினாள். அப்போது அவனுக்கு ஒரு வயது நிறையவில்லை. அவனுடைய பொடிக் கையைக் கத்திப் பிடியின் மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"ஆம்பிளை தானேடீ! அவன் கை பட்டாப் போறும்!"

பூசணி பிளந்தது. பத்ரி பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தான். நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மன்னி அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நாகப்பட்டணம். துறைமுகத்தில் டாக்டர் வரிசையாக எல்லோருடைய கண்ணையும் நாக்கையும் பார்த்துக்கொண்டு வந்தார். பத்ரிக்கு முதல் நாளிலிருந்து காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இந்தக் குழந்தை கப்பலேறக்கூடாது. அகத்துக்காரர் கெஞ்சினார். சீட்டு வாங்கியாகிவிட்டது, பினாங்கில் வேலைக்குச் சேரவேண்டிய நாள் நெருங்கிவிட்டது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். பின்னால் நின்ற கூட்டம் எங்களை நெட்டித் தள்ளியது. வழியனுப்ப வந்திருந்த மன்னி கையை நீட்டினாள்.

"கொடு, நான் வெச்சிண்டிருக்கேன். உடம்பு தேறினதும் அடுத்த கப்பல்ல அனுப்பறேன்."

நான் கொடுத்தேன். இரண்டு கையாலும் தூக்கித்தான் கொடுத்தேன். ஸ்வீகாரத்துக்குப் பெற்றவள் கையால் கொடுக்கவேண்டும் என்று அண்ணா எழுதியிருக்கிறாரே, அதைப் படித்தபோது எனக்கு நாகப்பட்டணம்தான் ஞாபகம் வந்தது.

அடுத்த கப்பலுக்குள் மழைக்காலம் வந்துவிட்டது. அதற்கடுத்த கப்பலுக்குத் துணை அகப்படவில்லை. அப்புறம் அகத்துக்காரருக்கு வேலை போகும்போல் இருந்தது. அப்புறம் மன்னி, "இப்போதான் நடக்க ஆரம்பிச்சிருக்கான், சித்தே பொறு" என்று எழுதினாள். அப்புறம் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. ஒவ்வொன்றும் நல்ல காரணம்தான். நல்ல காரணமாகவே வந்துகொண்டிருந்தால் எப்படி?

3

அகத்துக்காரர் ரப்பர் கம்பெனியில் குமாஸ்தா. வாரத்தில் பாதி நாள் அக்கரைத் தோட்டங்களில் இருப்பார். அப்படி ஒரு நாளில்தான், வந்த புதிதில், முழுப் பூசணியை வைத்துக்கொண்டு நான் விழித்துக்கொண்டிருந்தேன். சம்பத்தைக் கூப்பிட்டேன். அவன் பந்து விளையாட ஓடிவிட்டான். கடைசியில் பூசணியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆ சோவிடமே போய், பிளந்து கொடுக்க யாராவது ஆம்பிளை உண்டா என்று கேட்டேன்.

"எதுக்கு ஆம்பிளை?" என்று கேட்டாள் ஆ சோ. பாளைக் கத்தி மாதிரி ஒன்றை எடுத்தாள். ஒரே போடு.

"பாத்தியா? பூசணிக்கு ஆம்பிளையும் தெரியாது, பொம்பிளையும் தெரியாது."

அடுத்த முறை நானே வெட்டினேன். பெருமாளே என்று கண்ணை மூடிக்கொண்டேன். அதற்கடுத்த முறை மூடவில்லை. அப்புறம் அப்படி ஒரு சம்பிரதாயம் இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. எந்த நாளில் மறந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறந்தது அது ஒன்றுதானா? சம்பத் இங்கே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். தெருவில் மலாய், கடையில் ஹொக்கியன் சீனம், எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. தமிழில் பேசுவான், எழுத்து மட்டும் ஏறாது. "தம்பிக்கு ஒரு கடுதாசி எழுதுடா" என்றால் இங்கிலீஷில் எழுதிவிடுகிறான். அங்கே மன்னி அதைத் தூக்கிக்கொண்டு அடுத்தகத்து வாத்தியாரிடம் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாளாம். அண்ணன் தம்பிக்கு எழுதுகிற கடிதத்துக்கு நடுவில் ஒரு வாத்தியார்! இவனுக்கு உட்கார்ந்து தமிழ் சொல்லிக்கொடுக்கத் துப்பில்லாத நான், பீ லானிடம் போய்ச் சீனம் படிக்கிறேன். என்னை எதால் அடிக்கலாம், சொல்லுங்கள்.

4

முந்தின வருஷம் ஊருக்குப் போயிருந்தோம். பத்ரியை இந்தத் தடவை அழைத்துக்கொண்டு வந்துவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் கப்பலேறினேன். அவனுக்குச் சட்டை தைத்து எடுத்துப் போனேன். அளவு சம்பத்தின் பழைய சட்டையைப் பார்த்து உத்தேசமாக எடுத்தது. போட்டுப் பார்த்தால் தோள் பிடித்தது.

ரயிலடியிலிருந்து ஜட்கா மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி, எங்கள் சித்திரை வீதிக்குள் திரும்பியது. மன்னி வாசலில் நின்றாள். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன்.

"பினாங்கு அம்மா வந்திருக்கா பாரு. சேவிச்சுக்கோடா கண்ணா."

அவன் முன்னால் வந்து, தெரு மண்ணிலேயே சாஷ்டாங்கமாக விழுந்து சேவித்தான். அவ்வளவு மரியாதை! எழுந்ததும் மன்னியிடமே திரும்பிப் போய்விட்டான். மன்னி அவனுக்கு அம்மா. நான் பினாங்கு அம்மா. இதில் மன்னியை ஒரு வார்த்தை குற்றம் சொல்லமுடியாது. என்னைப் பற்றித் தினம் அவனிடம் பேசியிருக்கிறாள். என் போட்டோவைப் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தாள். உயிரோடு இருக்கிறவளை அங்கே மாட்டலாமா என்று நான்தான் கேலி செய்தேன்.

ஒரு நாள் மன்னி கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் தளிகையை முடித்து வைப்போமே என்று எனக்கு ஒரு ஆசை. கூடத்து மூலையில் பூசணி இருந்தது. எடுத்தேன். கத்தியைப் போட்டேன். ஒரே போடு, ஆ சோவைப் போலவே.

வாசல் பக்கம் "ஐயையோ!" என்று ஒரு குரல். பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பாட்டுக்கு வந்த பத்ரி நிலைப்படியில் நின்றான். அவன் முகத்தை இப்போது எழுதும்போதும் பார்க்கிறேன்.

"நான்தானே வெட்டணும்? எங்காத்துல நான்தானே வெட்டுவேன்? நீ ஏன் வெட்டினே?"

தேம்பித் தேம்பி அழுதான். கிட்டே போனால் பின்னால் பின்னால் நகர்ந்தான். என் கையில் இன்னும் கத்தி இருந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது. ஈரப் புடவையோடு மன்னி உள்ளே வந்தாள். அவன் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"அம்மா! பினாங்கு அம்மா பூசணியை வெட்டிட்டா!"

மன்னி இரண்டு பாதியையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "போறது போ. சீமைக்குப் போனவளுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்றாள். கோபமே இல்லை. ஆனால் அன்று விளக்கு வைத்ததும் அவனைக் கிழக்கே பார்க்க உட்கார்த்தி வைத்து, உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டாள். பிள்ளைக்குச் சமானமானதை வெட்டியவள் நான். திருஷ்டி கழித்தவள் அவள். இரண்டு பேரில் தாயார் யார் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், நானே அவளைத்தான் காட்டியிருப்பேன்.

பத்ரியை அழைத்துப் போகிறோம் என்ற பேச்சை நான் எடுக்கவேயில்லை. கிளம்புகிற அன்று மன்னியே கேட்டாள், "இவனை...?" என்று. முழுசாகக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

"அடுத்த கப்பல்ல பாத்துக்கலாம் மன்னி" என்றேன்.

5

பூசணி வாங்கி வந்த மறுநாள், அண்ணாவின் கடிதத்தைப் பற்றி அகத்துக்காரரே ஒரு முடிவுக்கு வந்தார். "முடியாதுன்னு எழுதிடலாம். பையனை வரவழைச்சுடலாம். என்ன சொல்றே?" நான் சரி என்று தலையை ஆட்டினேன். இருவரும் கப்பல் ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த குமாஸ்தா நம் பக்கத்து மனிதர்தான்.

"பையன் இப்ப யார்கிட்ட வளர்றானுங்க?"

"பெரியப்பாகிட்ட" என்றார் அகத்துக்காரர்.

"அப்ப பெரியப்பா சம்மதம்னு ஒரு தாள் வேணுமுங்க. அம்மைப்பால் குத்தினதுக்குச் சர்ட்டிபிகேட் வேணும். கூட வர்றவங்க யாருன்னும் எழுதித் தரணும்."

"நான் பெத்தவ" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"சரிதாங்கம்மா, நான் இல்லேங்கல. நீங்க இங்க இருக்கீங்க, பையன் அங்க இருக்கான். தாள்ல அதானே தெரியும்?" என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. சீக்கிரம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு முகம்.

திரும்பி வரும்போது பீ லான் கடையில் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு எழுத்தில் என்னுடைய குவா ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. இடது பக்கம் வேறு ஏதோ.

"அது குழந்தை" என்றாள். "குழந்தையும் குவாவும் சேர்ந்தா, அப்பா அம்மா இல்லாத பிள்ளைன்னு அர்த்தம். தனியா இருக்கறதுன்னும் சொல்லலாம்."

நான் அப்படியே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. அவள் என்னைப் பார்த்துவிட்டு, "ஐயோ அக்கா, குவாவுக்கும் அதுக்கும் ஒண்ணும் சம்பந்தமில்லை. சும்மா சத்தத்துக்காகச் சேர்த்தது. எங்க வாத்தியாரே சொன்னார்" என்றாள்.

சம்பந்தமில்லைதான். சத்தத்துக்காகத்தான். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அகத்துக்காரரிடம் சொல்லிவிட்டேன். எதைச் சொல்லக்கூடாது என்று அந்தக் கடிதம் வந்த நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அதை.

"ஏன்னா, உங்கண்ணா கடுதாசியைப் படிச்சதும் எனக்கு முதல்ல அழுகை வரலை. அப்பாடான்னு இருந்துது."

இதைப் படிக்கிற ஸ்ரீரங்கத்து மாமிகள், பெற்ற தாயா இவள் என்று கேட்பீர்கள். கேளுங்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இனி அடுத்த கப்பலுக்குக் காரணம் தேடவேண்டாம், அளவு தெரியாமல் சட்டை தைக்கவேண்டாம் என்று மனசு லேசாயிற்று. அந்த லேசுதான் அன்றிலிருந்து என்னைப் போட்டு அழுத்துகிறது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "எனக்கும் அப்படித்தான்டி இருந்துது" என்றார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் அழுதோம்.

அழுது முடித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. பத்ரியை இங்கே கொண்டுவந்தால் யாருக்காகக் கொண்டுவருவேன்? அவனுக்கு அங்கே ஒரு அம்மா இருக்கிறாள். முதல் வெட்டுப் போட ஒரு வீடு இருக்கிறது. என் மனசு உறுத்துகிறது என்பதற்காக அவனை அவள் இடுப்பிலிருந்து பிய்த்து எடுப்பது, நான் செய்ததிலேயே பெரிய பாவமாக இருக்கும். இது நியாயமா, இல்லை எனக்குச் சௌகரியமான நியாயமா? சத்தியமாக எனக்குத் தெரியாது. கடிதத்தை நான்தான் எழுதினேன். எங்கள் இருவருக்கும் சம்மதம், தைக்கு வருகிறோம் என்று.

6

மன்னியின் பதில் வந்தது. எப்போதும் பக்கம் பக்கமாக எழுதுகிறவள், இந்தத் தடவை நாலே வரி. "நீ எழுதினதைப் பெருமாள் திருவடியில் வைத்து எடுத்தேன். உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று பயமாக இருக்கிறது. பினாங்கு அம்மா வந்ததும், அவள் பார்க்கப் பூசணியை நான் வெட்டிக் காட்டுவேன் என்று பத்ரி சொல்லிக்கொண்டிருக்கிறான். சீக்கிரம் வா."

என்னிடமிருந்து வாங்கிக்கொள்கிற அவளுக்கும் குற்றம் செய்தாற்போல் இருக்கிறது. கொடுக்கிற எனக்கும் அப்படியே இருக்கிறது.

பீ லான் எழுதிக் கொடுத்த அந்தப் பூசணி, சமையலறையில் இன்னும் முழுசாகத்தான் இருக்கிறது. நான் வெட்டவில்லை. துடைக்கத் துடைக்கச் சாம்பல் போய், எழுத்தும் மங்கிவிட்டது. இவரை வெட்டித் தரச் சொல்லவேண்டும்.

நேற்றுச் சீட்டு வாங்கப் போனோம். அன்றைக்கு இருந்த குமாஸ்தா இல்லை, வேறொருவர். சின்ன வயசு. பெயர், ஊர், வயது எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார்.

"என்ன விஷயமா ஊருக்குப் போறீங்க?"

அகத்துக்காரர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

"எங்க மன்னியோட பிள்ளைக்கு ஒரு விசேஷம்."

"சரிங்க. பையனுக்கு நீங்க என்ன வேணும்?"

"சித்தி" என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.